இருநூறு கிராம்

இந்தக் கொக்கித் தராசு
ஞாயிற்றுச் சந்தையில் ஆட்டுத் தொடை நிறுத்தது.
இப்போது உங்கள் மூட்டை தொங்குகிறது.
இருபத்திரண்டு கிலோ.
கரகோலுக்கு வரும் எல்லோரும்
முதல் தடவை இருபத்திரண்டுதான்.

அவிழ்க்கச் சொல்வேன்.
ஜீன்ஸ் எதற்கு? நனைந்தால் மூன்று நாள் உலராது.
பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு
கணவாயில் நின்றதும் பனியாகத் திருப்பித் தரும்,
கடன் அடைப்பதில் அத்தனை கறார்.
கம்பளிக் காலுறை மூன்று ஜோடி:
இரண்டு நடக்க,
ஒன்று தூங்க மட்டும்.
தூங்கும் ஜோடியை நடக்க எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.
விரல்களை எண்ணிக்கொண்டே இறங்கி வந்தார்கள்.

பேட்டரியை நெஞ்சோடு வை.
கண்ணாடி இரண்டு எடு, ஒன்று உடையும்.
சோப்பு வேண்டாம், யாரும் உன்னை முகரப் போவதில்லை.

கடைசியில் காலணி.
வாடகை பூட்ஸை மாட்டிக்கொண்டு
ஊரில் போட்டதை என் அலமாரியில் விட்டுவிட்டு
சாபார் ஓட்டும் பழைய ராணுவ லாரியில் ஏறுவார்கள்.
பதினெட்டு நாள். சிலருக்கு இருபத்தைந்து.
அதுவரை ஓஸ்லோவும் ஒசாகாவும்
குதிகால் தேய்ந்து
ஒரே பலகையில் ஒட்டி நிற்கும்.

மூன்றாம் தட்டு, இடது ஓரம்,
நாற்பத்து மூன்றாம் அளவு, பழுப்புத் தோல்.
வலது கயிறு அறுந்து
அவசரமாய் ஒரு முடிச்சு.
நான்கு கோடையாக நிற்கிறது.
பதினான்காம் எண் தூங்கும் பையும் திரும்பவில்லை.
நோட்டில் அந்த வரியை
நான் அடிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.
ஒரு மழை நாளில் என் கணவர்
அதை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.
நான் போட்ட கூச்சலில்
நாய் தெருவைத் தாண்டி ஓடியது.

இந்த ஜூலையில் ரத்கா வந்தாள், பிர்னோவிலிருந்து.
அண்ணன் என்னென்ன எடுத்துப் போனான் என்று கேட்டாள்.
நோட்டைப் பார்த்துப் படித்தேன்.
எனக்கும் அதையே கொடு என்றாள்.
அவன் அளவுக் கோட்டு அவளுக்கு முழங்காலைத் தொட்டது.
கழற்று என்றேன்.
குளிருக்கு உன் துக்கம் தெரியாது,
காற்று நுழையும் இடைவெளி தெரியும்.

அவள் மூட்டையும் இருபத்திரண்டு.
அடியில் ஒரு பித்தளைத் தகடு, பெயரும் இரண்டு தேதிகளும்,
நான்கு திருகாணி,
கல்லைத் துளைக்க ஒரு கருவி.
கருவி சாபாரின் லாரியில் இருக்கிறது, இதை விட்டுப் போ என்றேன்.
தகட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
அதற்கு இடம் பண்ண
அவளாகவே எதையோ எடுத்து மேசையில் வைத்தாள்:
தூங்கும் காலுறை.
அவள் கையெழுத்துப் போடக் குனிந்தபோது
பைக்குள் திரும்பத் திணித்தேன்.

பிறகு காலணியோடு அலமாரிக்குப் போனாள்.
நான் இடம் காட்டவில்லை.
பழுப்பு ஜோடியின் முன் உட்கார்ந்து
முடிச்சை விரலால் நெருடினாள்.
"இது நான் போட்டது. ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது."

எங்கள் பக்கம்
பட்டாளத்துக்குப் போகும் பிள்ளை ரொட்டியை ஒரு கடி கடிப்பான்.
மீதியைச் சுவரில் மாட்டுவோம்,
வந்து தின்னட்டும் என்று.
வாடகைக்கு எடுப்பவர்களுக்கு நான் செய்வதில்லை,
செய்தால் சுவர் போதாது.
அன்று ஒரு ரொட்டியை நீட்டினேன்.
எதற்கு என்றாள்.
நேற்றைய மாவு, புளித்திருக்கிறதா பார் என்றேன்.
கடித்து, இல்லை என்றாள்.

இன்று பன்னிரண்டாம் நாள்.
ரொட்டி விறகாகிவிட்டது, எலி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.
வாசலில் இரண்டு பேர், புது மூட்டைகள்.
கொக்கி காலியாகத் தொங்கும்போதும்
இந்தத் தராசு முள் சுழியில் நிற்காது,
இருநூறு கிராம் காட்டும்.
கழித்துத்தான் சொல்வேன்.